அடுக்களையும் ஆலயமே

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஞாயிறு தோறும் தவறாமல் தேவாலயம் செல்லும் கிறிஸ்தவர் ஒருவர் அங்கே செலவிடும் பொழுது பெரும்பாலும் ஒன்றரை மணி. மிஞ்சினால் இரண்டு மணி. எஞ்சிய 166 மணி நேரமும் உறக்கம், உழைப்பு, சமையல், பயணம், பிள்ளை வளர்ப்பு, கடன், கவலை என்று கழிந்துவிடுகின்றது. அப்படியானால் இறைவனுக்கு உரியது அந்த இரண்டு மணி நேரம் மட்டுந்தானா? மற்றப் பொழுதெல்லாம் யாருக்கு உரியது?

இக்கேள்வி புதியதன்று. கிறிஸ்தவ சமயம் தோன்றிய நாள் தொட்டே அதன் பெரியோர்கள் இதனை எண்ணி வந்திருக்கின்றனர். தூய பவுல் தெசலோனிக்கே நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இடைவிடாது செபிக்க வேண்டுமென்று அறிவுறுத்தினார். பவுலோ கூடாரம் செய்யும் தொழிலால் வயிறு வளர்த்தவர். அக்கடிதத்தைப் படித்தவர்களும் கைத்தொழில் செய்து பிழைத்தவர்களே. இரவு பகலாக உழைக்க வேண்டியவன் இடைவிடாது செபிப்பது எங்ஙனம்? இதற்கு விடை தேடிய வரலாறே கிறிஸ்தவரின் அன்றாட வழிபாட்டு வரலாறு எனலாம்.

பொழுதுக்கு ஒரு வணக்கம்

முதல் விடை யூத மக்களிடமிருந்து வந்தது. எருசலேம் ஆலயத்தில் நாள்தோறும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் பலியிடப்பட்டன. பாபிலோனில் இருந்த தானியேல், எருசலேமை நோக்கிய சாளரங்களைத் திறந்து வைத்து நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார் என்று பழைய ஏற்பாடு கூறுகின்றது. இவ்வழக்கத்தையே இயேசு பெருமானின் சீடரும் பின்பற்றினர். பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணி வேண்டுதலுக்காக ஆலயத்திற்குச் சென்றதையும், பேதுரு நண்பகலில் வீட்டின் மேல்தளத்தில் செபித்ததையும் அப்போஸ்தலர் பணி நூலில் காணலாம்.

முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்ததாக அறிஞர் பலர் கருதும் ‘திதாக்கே’ என்னும் சிறு நூல் ஒன்றுண்டு. நெடுங்காலம் மறைந்து கிடந்த அதன் ஏடு 1873-ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் கண்டெடுக்கப்பட்டது. இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுமாறு அந்நூல் விதிக்கின்றது. ஆக, ஞாயிறு வழிபாடு நிலைபெற்ற அக்காலத்திலேயே நாள் வழிபாடும் கூடவே வளர்ந்து வந்தது தெளிவு.

இதனை முழுமையான ஓர் ஒழுங்காக வகுத்துத் தந்தவர் தூய பெனடிக்ட். ஏறத்தாழ 480-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு நூர்சியாவில் பிறந்த இவர், மோந்தே காசினோ மலைமேல் துறவியர் மடம் அமைத்து அதற்கொரு சட்ட நூல் எழுதினார். இரவில் ஒரு முறை, பகலில் ஏழு முறை, ஆக எட்டு முறை துறவியர் கூடி வழிபட வேண்டும். 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்திற்குள் பாடி முடிக்க வேண்டும் என்பது அவர் விதி.

இவ்விதியை அறிந்தோர் பலர் அந்நூலின் மற்றொரு பக்கத்தைக் கவனிப்பதில்லை. மடத்துப் பண்டசாலையைக் காக்கும் துறவி அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் புனிதக் கலங்களாக மதித்துப் பேண வேண்டும் என்கின்றார் பெனடிக்ட். சமையல் வேலை வாரத்திற்கு ஒருவர் முறையாக மாறி மாறி வரும். தக்க காரணமின்றி எவரும் அதிலிருந்து விலக முடியாது. வாரம் முடித்துச் செல்பவர் பாத்திரங்களைத் துலக்கி ஒப்படைக்க வேண்டும். அவரும் அடுத்து வருபவரும் சேர்ந்து மடத்தார் எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும் இருவரும் ஆலயத்திலேயே தலைவணங்கி, எல்லாருடைய வேண்டுதலையும் பெற வேண்டும். அதாவது, அந்த மடத்தில் சமையல் வேலை அடுக்களையில் தொடங்கவில்லை, ஆலயத்தில் தொடங்கிற்று. எட்டு முறை ஒலித்த மணி, வேலையிலிருந்து துறவியைப் பிரித்து அழைப்பதற்காக மட்டும் ஒலிக்கவில்லை. வேலைக்கும் ஒரு தூய்மையைக் கொடுத்து அனுப்புவதற்காகவும் ஒலித்தது.

வயலுக்கும் வீட்டுக்கும் வந்த செபம்

துறவிக்கு எட்டு முறை கூடுவது இயலும். ஏர் பிடிக்கும் உழவனுக்கு இயலுமா? அவனுக்காக எழுந்ததே காலை, நண்பகல், மாலை என்று மும்முறை ஒலிக்கும் கோயில் மணி. மணியோசை கேட்டதும் இருந்த இடத்திலேயே நின்று, ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வது கத்தோலிக்கர் வழக்கமாயிற்று. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-க்கும் 1859-க்கும் இடையில் தீட்டிய ‘மூவேளை மன்றாட்டு’ ஓவியம் இக்காட்சியை உலகறியச் செய்தது. உருளைக்கிழங்கு வயல், அந்தி வெளிச்சம், தொலைவில் கோயில் கோபுரம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒருவன். கை கூப்பிக் குனிந்தபடி ஒருத்தி. கிழங்கு கிளறும் கருவி மண்ணில் குத்தி நிற்கின்றது. அவர்கள் ஆலயம் நோக்கி நடக்கவில்லை. ஆலயத்தின் ஓசை அவர்கள் நின்ற வயலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. மணியோசை கேட்டால் தம் பாட்டி வயல் வேலையை நிறுத்தச் செய்து, இறந்த ஏழைகளுக்காக வேண்டிக்கொள்ள வைப்பாள் என்று மில்லே பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கின்றார்.

பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் கண்ட மார்ட்டின் லூத்தர் இதே பணியை வேறொரு வழியில் செய்தார். 1529-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு ஞானோபதேச நூல் குடும்பத் தலைவரை நோக்கி எழுதப்பட்டது. காலையில் எழுந்ததும் சொல்ல வேண்டியது, உணவுக்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டியது, படுக்கும்போது சொல்ல வேண்டியது ஆகியவற்றை அது எளிய மொழியில் கற்பித்தது. காலைச் செபம் முடிந்ததும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகச் சொல்லும் அந்நூல், இரவுச் செபம் முடிந்ததும் கவலையின்றி உடனே உறங்கச் சொல்கின்றது. உறக்கமும் இறைவன்மேல் கொண்ட நம்பிக்கையின் அடையாளம் என்பது இதன் கருத்துப் போலும்! குழந்தையின் துணியைத் துவைக்கும் தந்தையைக் கண்டு ஊரார் நகைக்கலாம். அதனை அவன் விசுவாசத்தோடு செய்தால் இறைவனும் வானவரும் அவனைக் கண்டு மகிழ்வர் என்றும் லூத்தர் 1522-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார்.

இங்கிலாந்தில் தாமஸ் கிரான்மர் 1549-ஆம் ஆண்டில் வெளியான பொது வழிபாட்டு நூலில், துறவியர் நாள் வழிபாடுகளைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கி ஆங்கிலத்தில் தந்தார். சங்கீதங்கள் முழுவதையும் வாரத்திற்கு ஒரு முறை என்பதற்கு மாறாக மாதத்திற்கு ஒரு முறை ஓதும்படி பிரித்துக் கொடுத்தார். உழைத்துப் பிழைக்கும் குடிமக்களால் தாங்கக்கூடிய அளவு எது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கின்றார்.

தமிழரிடையேயும் இவ்வழக்கம் பழமையானதே. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் எது? 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிரிக் அடிகளார் எனப்படும் போர்ச்சுகீசியத் துறவி வெளியிட்ட பதினாறு பக்கச் சிறு நூல் அது. சமய வாதங்களை அடுக்கும் பெருநூலாக அன்றி, எளிய மக்கள் நாள்தோறும் சொல்லவேண்டிய செபங்களையும் கற்கவேண்டிய அடிப்படைகளையும் கொண்ட கைநூலாகவே அது அமைந்தது. பிற்காலத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவக் கருத்துகளைக் குறவஞ்சியாகவும் ஏற்றப்பாட்டாகவும் பாடினார். ஏற்றம் இறைப்பவன் களைப்புத் தெரியாதிருக்கப் பாடும் பாட்டின் மெட்டிலேயே இறைவன் புகழ் ஏறியது என்றால், வழிபாடு வேலைக்களத்திற்குள் வந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சட்டியும் துடுப்பும் ஏந்திய துறவி

பொழுது வகுத்து வணங்குவது முதல் விடை. வணங்கும் பொழுதுக்கும் வேலை செய்யும் பொழுதுக்கும் இடையிலுள்ள சுவரையே தகர்ப்பது இரண்டாவது விடை. இதனை வாழ்ந்து காட்டியவர் சகோதரர் லாரன்ஸ்.

லொரேன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏறத்தாழ 1614-ஆம் ஆண்டில் பிறந்த இவரது இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். எளிய குடும்பம், பெரிய கல்வியில்லை. பதினெட்டாம் வயதில் குளிர்காலத்து மரம் ஒன்றைக் கண்டார். இலையுதிர்ந்து மொட்டையாக நின்ற அம்மரம் சில காலத்தில் தளிர்த்துப் பூத்துக் காய்க்குமே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் இறைவன் மீது அழியாத அன்பை மூட்டிற்று. பின்னர்ப் போர்வீரரானார், காலில் காயம்பட்டு நொண்டியானார். செல்வர் ஒருவரிடம் ஏவலாளாக இருந்தபோது, கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் முரடனாக இருந்ததாகத் தம்மைப் பற்றித் தாமே கூறியிருக்கின்றார். 1640-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் கார்மேல் மடத்தில் குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை சமையல். அவர் இயல்பாகவே வெறுத்த வேலை அது! ஆயினும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அந்த அடுக்களையில் உழைத்தார். பின்னர்க் கால் வலி மிகவே, மிதியடி தைக்கும் பணிக்கு மாறினார். மடத்திற்குத் திராட்சைமது வாங்கி வரவும் அவரைத் தொலைவூர்களுக்கு அனுப்பினர். வாணிகத் திறமை சிறிதும் இல்லாத அவர், நொண்டிக் காலுடன் படகில் பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டே இடம் பெயர வேண்டியிருந்தது. எந்த வேலையும் அவர் விரும்பித் தேர்ந்ததன்று என்பது இங்கே கருதத்தக்கது.

அவர் கண்ட முறை மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் இறைவனிடம் துணை கேட்பார். வேலையின் நடுவே அவருடன் மனத்துக்குள் பேசுவார். நன்றாக முடிந்தால் நன்றி சொல்வார். பிழை நேர்ந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனம் உடையாமல் மீண்டும் தொடங்குவார். மனம் அலைந்தால் அதனை அதட்டாமல் மெல்லத் திருப்பிக் கொணர்வார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும், தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் இறைவன் மீதுள்ள அன்பிற்காகச் செய்யலாம் என்பது அவர் கொள்கை. அடுக்களையின் இரைச்சலில் நான்கு பேர் நான்கு விதமாகக் கூப்பிடும்போதும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அமைதி தமக்குக் குறைவதில்லை என்று அவர் சொல்லியதுண்டு.

இது ஒரே நாளில் கைவந்ததன்று. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அவர் தம் குற்றங்களை எண்ணி எண்ணித் துன்புற்றார். தாம் இறைவனால் கைவிடப்பட்டவர் என்றே அஞ்சினார். அந்த அச்சத்தோடேயே பயிற்சியை விடாமல் செய்து வந்தபோது ஒரு நாள் மனம் தெளிந்தது. 1666-ஆம் ஆண்டு முதல் ஜோசப் தெ பொஃபோர் என்னும் குருவானவர் இச்சமையற்காரரை நாடி வந்து உரையாடி, அவர் சொன்னவற்றைக் குறித்து வைத்தார். லாரன்ஸ் 1691-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு முதல் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் அச்சாயின. கத்தோலிக்கரே அன்றிச் சீர்திருத்தச் சபையாரும் அவற்றைப் போற்றிப் படித்து வருகின்றனர்.

மேல்தளத்தில் செபம், கீழ்த்தளத்தில் சங்கிலி

அன்றாட வழிபாடு என்பது மனத்திற்கு அமைதி தரும் ஒரு பழக்கம் மட்டுமே என்றால் கதை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு கடுமையான சோதனை உண்டு. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆட்டிடையரான ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி அச்சோதனையை வெளிப்படையாகவே கூறினார். ஓய்வுநாள் எப்பொழுது முடியும், எப்பொழுது கடை திறந்து மரக்காலைச் சிறிதாக்கி, கள்ளத் தராசால் தானியம் விற்கலாம் என்று காத்திருந்தவர்களை அவர் சாடினார். அவர்கள் ஓய்வுநாளைத் தவறாமல் அனுசரித்தவர்களே. ஆயினும் அவ்வழிபாட்டை இறைவன் வெறுப்பதாக ஆமோஸ் உரைத்தார். இயேசு பெருமானும், காணிக்கை செலுத்த வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி கற்பித்தார்.

இச்சோதனையில் தோற்றுப் பின்னர் விழித்துக்கொண்ட ஒருவர் ஜான் நியூட்டன். ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் புகழ்பெற்ற பாடலை இயற்றியவர் இவரே. 1725-ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்து கப்பலோட்டியானார். 1748-ஆம் ஆண்டில் நடுக்கடலில் பெரும் புயலில் சிக்கி உயிர் தப்பியதும் இறைவன்பால் திரும்பினார். ஆனால் அதன் பின்னரே, 1750 முதல் 1754 வரை, ஆப்பிரிக்க மக்களை ஏற்றிச் சென்று விற்கும் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார்!

கப்பலில் ஞாயிறு தோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். தனிமையில் வேதம் வாசித்தார். நாட்குறிப்பில் தம் ஆன்மாவின் குறைகளை ஆராய்ந்தார். அவ்வேளையில் அவர் காலடியில், கப்பலின் கீழ்த்தளத்தில், மனிதர்கள் சங்கிலியில் கிடந்தனர். நியூட்டனின் செபம் பொய்யென்று சொல்ல இயலாது. அது உண்மையாகவே செய்யப்பட்ட செபம். மேல்தளத்தைத் தாண்டிக் கீழே இறங்காத செபம் என்பதே அதன் குறை. தொழிலை அவர் விட்டதும் மனச்சான்று குத்தியதால் அன்று. திடீரென்று நேர்ந்த உடல்நலக் கேட்டினாலேயாம்.

1764-ஆம் ஆண்டில் அவர் குருவானார். ஆண்டுகள் செல்லச் செல்லத் தாம் செய்த தொழிலின் கொடுமை அவருக்கு விளங்கிற்று. 1788-ஆம் ஆண்டில் அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டு, தாம் அதில் பங்கு கொண்டதை நாடறிய ஒப்புக்கொண்டு வெட்கினார். புயலுக்கும் அந்நூலுக்கும் இடையே கழிந்தவை நாற்பது ஆண்டுகள். வழிபாடு ஒரு மனிதனின் தொழிலைத் தொடுவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆகலாம் என்பது அச்சந்தரும் செய்தியன்றோ?

இவ்வரலாற்றில் ஆறுதலான ஒரு பகுதியும் உண்டு. 1785-ஆம் ஆண்டின் இறுதியில், நாடாளுமன்ற உறுப்பினரான வில்லியம் வில்பர்போர்ஸ் என்னும் இளைஞர் நியூட்டனிடம் வந்தார். சமய வாழ்வில் புதிதாக ஈடுபாடு கொண்ட அவர், இறைவனுக்குத் தொண்டு செய்ய அரசியலை விட்டுவிட வேண்டுமோ என்று ஐயுற்றிருந்தார். விட வேண்டாம், இருக்கும் இடத்திலேயே இருந்து தொண்டு செய் என்பது நியூட்டனின் அறிவுரை. அதனை ஏற்ற வில்பர்போர்ஸ் அடிமை வாணிகத்தை எதிர்த்து இருபது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் போராடினார். 1807-ஆம் ஆண்டு மார்ச்சில் பிரிட்டிஷ் பேரரசில் அவ்வாணிகம் தடை செய்யப்பட்டது. முதியவரான நியூட்டன் அச்செய்தியைக் கேட்கும் வரை வாழ்ந்து, அதே ஆண்டு டிசம்பரில் கண்மூடினார்.

இரு வழுக்கல்கள்

லாரன்ஸின் அடுக்களையையும் நியூட்டனின் கப்பலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். அன்றாட வழிபாட்டுப் பாதையில் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. குறித்த பொழுதில் செபம் சொல்லிவிட்டதால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது ஒன்று; நியூட்டன் விழுந்த இடம் அதுவே. என் வேலையே எனக்கு வழிபாடு, தனியே செபம் எதற்கு என்று கூறி, நாளடைவில் வேலை மட்டுமே மிஞ்சி நிற்பது மற்றொன்று. லாரன்ஸைப் புகழ்வோர் சிலர் இந்த இரண்டாவது வழுக்கலில் விழுவதுண்டு. அவர் மடத்து ஒழுங்கில் வாழ்ந்தவர். அங்கே குறித்த வேளைகளில் செபம் தவறாது நடந்தது. அந்த வேளைகளில் மூட்டிய கனலே அடுக்களையிலும் அணையாமல் நின்றது. விளக்கேற்றாத வீட்டில் ஒளி எங்கிருந்து வரும்?

எனவே பெரியோர் வகுத்த முறைகள் யாவும் பொழுதையும் வேலையையும் இணைக்கும் பாலங்களாகவே அமைந்தன. காலையில் எழுந்ததும் கைப்பேசியையோ செய்தித்தாளையோ எடுக்குமுன் அந்நாளை இறைவனிடம் ஒப்படைத்தல். உணவுக்கு முன் ஒரு கணம் நின்று நன்றி சொல்லுதல். வேலை மாறும் ஒவ்வொரு வேளையிலும் ஒரு சொல்லளவு வேண்டுதல். இரவில் அந்நாளைத் திரும்பிப் பார்த்தல். இந்தக் கடைசிப் பயிற்சியைத் தூய இஞ்ஞாசியார் 1548-ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற தம் ஆன்மப் பயிற்சி நூலில் வற்புறுத்தினார். பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறி, எங்கே தவறினோம் என்று மணி மணியாக ஆராய்ந்து, மறுநாள் திருந்த உறுதி கொள்வதே அது. யாரை ஏசினோம், யாருடைய கூலியைக் குறைத்தோம், யாருடைய முகத்தைப் பார்க்காமல் கடந்து போனோம் என்ற கேள்விகளும் அந்த ஆராய்ச்சியில் வந்தால், நியூட்டனுக்கு நாற்பது ஆண்டுகளில் கிட்டிய விழிப்பு மற்றவர்க்கு ஓர் இரவிலேயே கிட்டக்கூடும்.

இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. எல்லாம் சேர்ந்து நாளுக்கு அரைமணி கூட ஆகாது. விடியுமுன் பால்மரம் சீவச் செல்பவருக்கும், ஆலையில் இரவு முறை வேலை செய்பவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரம் துலக்கும் தாய்க்கும் இது இயலும். காலம் குறைவு என்பதைவிட, செய்கின்ற வேலையை இறைவன் பார்க்க ஒப்புக்கொள்ளும் துணிவு குறைவு என்பதே பெரும்பாலும் தடையாக நிற்கின்றது. கள்ளத் தராசை வைத்திருப்பவன் கடைக்குள் கடவுளை அழைப்பதெப்படி?

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வெளியே வருபவர், ஆலயக் கதவைச் சாத்திவிட்டு வருவதாக எண்ணுவது வழக்கம். பெனடிக்டின் மடத்தில் அந்த வாரச் சமையற்காரர் அவ்வாறு எண்ணவில்லை. அவர் ஆலயத்தில் தலைவணங்கி, எல்லாருடைய வேண்டுதலையும் பெற்றுக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தார். அங்கே அடுப்பு மூட்டியபோதும் அவர் வழிபாட்டிலேயே இருந்தார். வாரத்தின் 168 மணி நேரத்தில் இரண்டு மணி இறைவனுக்கு என்ற கணக்கு அவரிடம் இல்லை.